பேனாவைக் கயிற்றில் கட்டிய கேக்

தீம் கேக் செய்வதைப் போல ஒரு சுகம் இந்த உலகத்தில் கிடையாது. கோலம் போடத் தெரிந்தவர்கள், களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கத் தெரிந்தவர்கள், பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து அடி வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு தடவை கிரீம் பிழிகிற பைப்பிங் பேக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அப்புறம் கீழே வைக்க மனசு வராது. நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் கடன் கோப்பு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கேக்கைச் சுழற்றும் டர்ன்டேபிள். யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு வளைகாப்பு, யார் ஓய்வுபெறப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டே அலைகிறேன். விற்பதில்லை. காசு வாங்கிவிட்டால் அவர்கள் கேட்டதைச் செய்ய வேண்டிவரும், எனக்குத் தோன்றியதைச் செய்ய முடியாது!

முதலிலேயே ஒரு சண்டையைப் போட்டுவிடுகிறேன். வட்டக் கேக்கின் உச்சியில் பிளாஸ்டிக் பொம்மையைக் குத்திவைத்து ‘தீம் கேக்’ என்று கொடுக்கிறார்களே, அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வெட்டும் நேரத்தில் பொம்மையைப் பிடுங்கி, கழுவி, ஷோகேஸில் வைத்துவிடுவார்கள். தட்டில் மிஞ்சுவது சாதா கேக். வாயில் போட முடிந்தால்தான் அது தீம். அதுவும் சினிமாவிலோ கார்ட்டூனிலோ இருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஆள் தினமும் கையில் பிடிக்கிற பொருள் எது, எதைச் சொல்லி அவரை எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள், எதைப் பார்த்தால் அவர் முகம் மலரும் என்று துப்பறிவதிலேயே எனக்குப் பாதி சந்தோஷம் கிடைத்துவிடுகிறது.

எங்கள் கிளையின் ஹெட் கேஷியர் ஓய்வுபெற்றபோது செய்த கேக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருடைய கவுன்டரையே கேக்காக்கிவிட்டேன். சாக்லேட் ஸ்பாஞ்சை நீள்சதுரமாக அடுக்கி, சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் பூசி, அதன்மேல் மர நிறத்தில் ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைப் போர்த்தினால் மேசை தயார். மேசைமேல் ரூபாய்க் கட்டுகள் வேண்டுமே! சாப்பிடக்கூடிய தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள், அதில் நோட்டைத் தத்ரூபமாகக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் வங்கிக்காரன் கையால் நோட்டு அச்சடிப்பதாவது! சர்க்கரையில் அடித்தாலும் எனக்குக் கை உதறும். அதனால் கட்டுகளின் ஓரம் மட்டும் தெரியும்படி செய்தேன். ஃபாண்டன்ட் துண்டின் பக்கவாட்டில் கத்தி முனையால் நெருக்கிக் கோடு இழுத்தால் நூறு தாளை அடுக்கிவைத்தது போலவே இருக்கும். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டி, அதில் உணவு மைப் பேனாவால் அவருடைய சுருக்கொப்பம். விரல் நனைக்க ஒரு ஸ்பாஞ்ச் டப்பா இருக்கும் இல்லையா? அதற்குள் மஞ்சள் நிறத்தில் நிஜமான ஸ்பாஞ்ச் கேக்கையே வெட்டி வைத்தேன். சர்க்கரைப் பாகு ஊற்றி ஈரமாக்கியும் விட்டேன்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பேனாதான். கவுன்டர் பேனாவைச் சணல் கயிற்றில் கட்டிவைத்து, கயிறு அறுந்தால் மறுநாளே புதுக்கயிறு மாற்றுகிற மனுஷர் அவர். ஃபாண்டன்டை மெல்லிய இழைகளாக உருட்டி, இரண்டிரண்டாக முறுக்கி, கொக்கோ தூளைத் தேய்த்தால் அசல் சணல். அதன் நுனியில் நீலப் பேனா. பெட்டியைத் திறந்ததும் அவர் கண் நேராக அங்கேதான் போனது. “என்னப்பா, இதையும் கட்டிப் போட்டுட்டியா?” என்றார். “அவுத்து விட்டா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான் சார்” என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் அடுத்தவர்களைத் திட்டப் பயன்படுத்திய வசனம். அன்றைக்கு அது அவருக்கே திரும்பி வந்ததில் கிளை முழுக்கச் சிரிப்பு. கேக்கை எல்லாருக்கும் பங்கிட்டார், பேனாவை மட்டும் கயிற்றோடு டிபன் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

சரி, இதெல்லாம் திருச்சி வெயிலில் எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த பேச்சே அதுதான். வெண்ணெய் 32 டிகிரியில் இளக ஆரம்பித்து 35-க்குள் உருகிவிடும். கொக்கோ வெண்ணெய்யும் ஏறத்தாழ 34-ல் உருகிவிடும். நம்மூரில் சித்திரை மாதம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டு வீடியோவில் அம்மணி ஒருத்தி ஜன்னலோரம் நின்று சாவகாசமாக வெண்ணெய் கிரீமில் ரோஜா பிழிவதைப் பார்த்து அப்படியே செய்தால், நம் ரோஜா கூழாகிவிடும். நம்மூருக்கு விப்பிங் கிரீம்தான் தோழன். தாவரக் கொழுப்பில் செய்து உறைநிலையில் விற்கிறார்களே, அந்த கிரீம். அதை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்து இளக விட வேண்டும், மேசைமேல் வைத்து அல்ல. பாத்திரமும் பீட்டரின் கம்பிகளும்கூட ஜில்லென்று இருக்க வேண்டும். அடிக்க அடிக்கப் பொங்கி மூன்று பங்காக எழும்புகிறபோது, ஆகா, அந்த வெண்மை! கம்பியைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்க வேண்டும். அடுக்களைக்கு வருகிற எல்லாரும் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்கள் என்பதால் நான் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே அடிப்பேன். ஒரு எச்சரிக்கை: காபிக்கும் குருமாவுக்கும் ஊற்றுகிற ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அதை ராத்திரி முழுக்க அடித்தாலும் பூ பிழியும் பதத்துக்கு வராது.

ஃபாண்டன்டுக்கும் விப்பிங் கிரீமுக்கும் ஆகாது. கிரீமின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஃபாண்டன்ட் வழிந்துவிடும். இடையில் கனாஷ் வேண்டும். டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம், வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. கோடையில் நான் சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வேன். பொம்மை, வளையல், கைப்பிடி மாதிரி தனியாக நிற்க வேண்டிய எதற்கும் ஃபாண்டன்டில் ஒரு சிட்டிகை சிஎம்சி தூள் சேர்த்துப் பிசைந்தால் காய்ந்ததும் கல்லாகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஃபாண்டன்டுக்கு வியர்த்துக் கொட்டும். பதறித் துடைத்தால் போச்சு, விரல் தடம் விழுந்துவிடும். மின்விசிறிக்கு நேராக வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், தானாகக் காய்ந்துவிடும்.

ஊருக்கு ஏற்ற மாதிரி கேக்கை வளைப்பது நமக்குப் புதிதுமல்ல. 1883-ல் கேரளத்துத் தலைச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த பிளம் கேக்கைக் காட்டி “இதே மாதிரி செய்” என்று மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் கேட்டாராம். பாப்பு சீமைப் பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துச் செய்துகொடுத்தார் என்று அந்த ஊரில் கதை சொல்கிறார்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்றும் சொல்வார்கள். பாப்புவுக்கு என் தனிப்பட்ட சலாம்.

இப்போது வளைகாப்பு கேக். என் சித்தி மகளுக்குச் செய்தது, நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பச்சை நிறப் பட்டுப்புடவையை மடிப்பு மடிப்பாக ஃபாண்டன்டில் போட்டு, கரைக்கு அரக்குச் சிவப்பு. சிவப்பும் கறுப்பும் பொல்லாத நிறங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே போனால் கசந்துவிடும். முந்தின நாளே கலந்து மூடிவைத்தால் காலையில் தானாக அடர்ந்திருக்கும். கறுப்பு வேண்டுமென்றால் வெள்ளையிலிருந்து தொடங்காமல் கொக்கோ சேர்த்த பழுப்பிலிருந்து தொடங்குவது என் வழக்கம். வளையல்களை டம்ளரைச் சுற்றி வளைத்துக் காயவிட்டேன். அவற்றுக்குப் பூசும் தங்கத் தூளை வோட்காவில் குழைப்பார்கள், பூசியவுடன் ஆவியாகிவிடும் என்பதால். சித்தி வீட்டு விசேஷத்தில் அந்தப் பேச்சை எடுக்க முடியுமா? உலர்ந்த தூளையே மெல்லிய பிரஷால் தேய்த்தேன், ஜொலிஜொலித்தது.

அப்புறம் மல்லிகைச் சரம். இதை விவரித்தே ஆக வேண்டும். பைப்பிங் பேக்கின் முனையில் மூன்றாம் எண் நாசில், உருண்டை வாய். நன்றாக இறுகிய கிரீம். நாசிலைக் கேக்கில் தொட்டும் தொடாமலும் வைத்து ஒரு அழுத்து; குண்டாக ஒரு துளி விழும்போதே அழுத்தத்தை விட்டுவிட்டு வெளிப்பக்கமாகச் சுண்டி இழுக்க வேண்டும். அடி பருத்து நுனி கூர்ந்து ஒரு மொட்டு வந்து உட்காரும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, காம்புகள் நடுவில் சந்திக்கிற மாதிரி. காம்பின் மேல் ஒன்றாம் எண் நாசிலால் வெளிர் பச்சையில் ஒரு புள்ளி. பிறகு அடுத்த நாலு. பூக்காரம்மா கட்டுவதைப் பார்த்திருந்தால் போதும், கை தானாக அந்தத் தாளத்துக்கு வந்துவிடுகிறது. நடு நடுவே 101-ஆம் எண் நாசிலில் இரண்டு இதழ் கனகாம்பரம். வேலை முடிந்து நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது, மனசு பறந்தது. விசேஷத்துக்கு வந்திருந்த ஒரு பாட்டி கேக்கின் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். “வாசனையே இல்லையே, குளிர்பெட்டியில வெச்ச பூவா?” என்றார். விருது என்றால் அது!

நாசில் எண்களைச் சும்மா சொல்லவில்லை. அது எங்கள் கூட்டத்தின் பரிபாஷை. 1929-ல் சிகாகோவில் டூயி மெக்கின்லி வில்ட்டன் என்பவர் கேக் அலங்காரம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனத்தின் எண்களைத்தான் இன்றைக்கும் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ‘ஒன் எம்’ என்றால் ரோஜாச் சுழி, 104 என்றால் இதழ், 352 என்றால் இலை, 233 என்றால் புல்.

குழந்தைகளுக்குச் செய்வதில் தனி ஆபத்து உண்டு. பெரியவர்கள் “அட, சூப்பர்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். குழந்தைகள் பரிசோதனை செய்வார்கள். என் அக்கா மகனுக்கு ஜேசிபி வேண்டுமாம். “மாமா, முன்னாடி அள்ளுற கை, பின்னாடி தோண்டுற கை, ரெண்டும் வேணும். பின் சக்கரம் பெருசு, முன் சக்கரம் சின்னது” என்று நாலு வயசு இன்ஜினியர் போனில் உத்தரவு போட்டான். போய்ப் பார்த்தால் அவன் சொன்னது அத்தனையும் சரி. அன்று வரைக்கும் நான் ஜேசிபியைச் சரியாகப் பார்த்ததே இல்லை! தோண்டுகிற கைக்குள்ளே பல்குச்சி வைக்காமல் சமைக்காத ஸ்பகெட்டியைச் செருகினேன், பிள்ளைகள் கடித்தாலும் பயமில்லை. மண் குவியலுக்கு, கேக் மட்டம் வெட்டியபோது விழுந்த துண்டுகளையும் சாக்லேட் பிஸ்கட்டையும் உதிர்த்துக் கொட்டினேன். பிள்ளைகள் கேக்கை விட்டுவிட்டு முதலில் அந்த மண்ணைத்தான் அள்ளித் தின்றார்கள்.

கேக்கைக் கொண்டுபோவது பற்றி ஒரே வரி: மடியில் வைக்காதீர்கள், கார் தரையில் சமமாக வைத்து ஏசியைப் போடுங்கள். மடி சாய்வு, போதாததற்கு உடம்புச் சூடு வேறு.

இப்போது மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. திருக்கடையூரில் பூஜை, மறுநாள் வீட்டில் விருந்து, விருந்துக்கு என் கேக். மாமியார் கூப்பிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். “மாப்பிள்ளை, முட்டை சேர்க்கக் கூடாது. மெழுகுவத்தி ஏத்தி ஊதி அணைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். கலசம் செய்யுறேன்னு சொன்னீங்களாமே, அதுல கத்தி படக் கூடாது.” எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டேன். முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க். சற்றுக் கனமான கேக் வரும், அடுக்குக்கு அது நல்லதுதான். கலசத்தைத் தனியாகத் தூக்கி எடுக்கிற மாதிரி செய்யப்போகிறேன். உள்ளே கார்த்திகைக்குப் பிடிப்பது மாதிரி வெல்லப் பாகில் பொரி உருண்டை, எடையே இருக்காது. அதன்மேல் கனாஷ், அதன்மேல் செம்பு நிற ஃபாண்டன்ட், குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்று. மாவிலைக்கு 352 இருக்கிறது, தேங்காய்க் குடுமிக்கு 233 இருக்கிறது. தேங்காயைக் கடைசியில் உடைத்துச் சாப்பிடலாமா என்று மட்டும் அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை.