பணி ஆணைக்குப் பிறகு யார்?

மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதுதான் இப்போதைய தாரக மந்திரம். உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டமும் அதன் ‘விழுதுகள்’ மையங்களும் இந்த நம்பிக்கையில் எழுந்தவை. அடையாள அட்டைக்கு ஓர் அலுவலகம், பயிற்சிக்கு இன்னொன்று, வேலைவாய்ப்புப் பதிவுக்கு வேறொன்று என்று ஆம்பூர் அருகே உள்ள மாதனூர்க்காரர்கள் அலைவது குறைந்தால் நல்லதுதான். வேலைவாய்ப்பு முகாம்களில் சிலருக்காவது பணி ஆணை கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ஒருங்கிணைப்பு அந்த ஆணையோடு நின்றுவிடுகிறது. சிக்கல்கள் தொடங்குவதோ அதற்குப் பிறகுதான்.

மாதனூர், ஆம்பூர் பக்கம் வேலை என்றால் பெரும்பாலும் ஷூ கம்பெனிதான். காது கேளாத ஒரு பெண் தையல் பயிற்சி முடித்து, ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் லைனில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மாடல் மாறுகிறது. மெஷின் இரைச்சலில் சூப்பர்வைசர் அதைக் கத்திச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெண் பழைய மாடலையே தைக்கிறார். பீஸ்கள் திரும்பி வருகின்றன, டார்கெட் விழுகிறது, பழியெல்லாம் அவர் காதின் மேல் வந்து சேர்கிறது. புது மாடலில் ஒரு பீஸைக் கையில் கொடுத்துக் காட்டியிருந்தால் போதும். அதைச் சூப்பர்வைசருக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்தப் பெண் வேலையை விட்டு நின்ற பிறகும், பயிற்சி நிலையத்தின் கணக்கில் பயிற்சி முடித்தவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கணக்கில் வேலை பெற்றவர். இரண்டு கணக்கும் சரியாகவே இருக்கும்.

முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசையை அமெரிக்காவில் 1980களிலேயே திருப்பிப் போட்டார்கள். ஆளை வேலையில் அமர்த்திவிட்டு, கூடவே ஒரு துணையாளரை அனுப்பி அங்கேயே பழக்கும் அந்த முறைக்கு 1986 சட்டத் திருத்தம் நிதிக்கும் வழி செய்தது. இங்கே அதற்குக் காசு ஏது என்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 4 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலையோடு நிற்கிறது. ஆனால் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கும் தனியாருக்குச் சலுகை தரச் சொல்கிறது அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு. அந்தச் சலுகையைத் துணையாளரின் சம்பளமாகவே கொடுக்கலாமே? கம்பெனிகள் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கையில் ஒருவரே பல இடங்களைப் பார்த்துக்கொள்ள முடியும். ஒரே கூரை என்ற ஏற்பாட்டுக்குச் சான்றாகக் காட்பாடி வொர்த் டிரஸ்ட்டைக் காட்டலாம். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் 1963இல் தொடங்கிய பணி அது. ஆனால் அங்கே பயிற்சிக்கும் பட்டறைக்கும் நடுவே ஆளைக் கைவிடும் இடைவெளி இல்லை என்பதைத்தான் அதிலிருந்து கற்க வேண்டும். எத்தனை ஆணை வழங்கினோம் என்று மேடையில் வாசிப்பவர்கள், சென்ற ஆண்டு ஆணை பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் வாசிக்கட்டும். அதுவரை இந்த ஒருங்கிணைப்பு, அலுவலகங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒரு வசதி, அவ்வளவுதான்.