உலகை அளந்தவர் யார்?

காஞ்சியிலே உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறது. ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்து, மூன்றாம் அடியை மாவலியின் தலைமீது வைத்தாராம் பகவான். அளந்தது எத்தனை காதம்? எத்தனை கல்? கணக்கில்லை, கதை உண்டு!

கணக்கோடு அளந்தவரும் உண்டு. 1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே, வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டினார். ஏழரை மைலை அளக்க ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில்மீது கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்தது, கருவி நசுங்கியது. தெய்வ குற்றம் என்று அவர் அஞ்சி ஓடவில்லை. பழுது பார்த்தார், மீண்டும் அளந்தார்.

அறிவின் வெற்றிதான். ஆனால் யாருக்காக அந்த அளவை? ஆட்சிக்காக, வரிக்காக, படைக்காக! மாவலியின் மண்ணை அளந்தவர் எடுத்துக்கொள்ளவே அளந்தார். கும்பினியாரும் அவ்வழியே நடந்தனர்.

எனவேதான், அமெரிக்காவின் டெக்சாசுப் பல்கலைக்கழகத்துப் பெரி-காஸ்டனெடா நூலகத்தின் நிலப்படத் தொகுப்பை நாம் பாராட்டுகிறோம். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். அவற்றுள் பல்லாயிரம் இணையத்திலே, காசின்றி, எவருக்கும்! 1950-களில் அமெரிக்கப் படைத்துறை இந்தியாவுக்கென வெளியிட்ட படவரிசையும் அங்கே உண்டு. படைக்கு வரைந்ததைப் படிப்பவனுக்குத் திறந்தனர். அதுவே அத்தொகுப்பின் பெருமை. குறையையும் கூறுவோம். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் என்னும் அளவிலே ஏரி தெரியும், தறி தெரியாது. ஆறு தெரியும், பிள்ளையார்பாளையத்துச் சந்து தெரியாது.

அந்த நுட்பமான படங்களை நாமல்லவா தரவேண்டும்? இங்கோ, எல்லைப்புறம், கடலோரம் ஆகியவற்றின் விரிவான படங்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்கு எட்டாதிருந்தன. ஒருசாரார் மட்டுமே ஓதலாம் என்ற பழைய வேத விதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 2021 பிப்ரவரி 15-இல் மைய அரசு விதிகளைத் தளர்த்தியது. பூட்டுத் தளர்ந்தது, கதவை அகலத் திறப்பது நம் பல்கலைக்கழக நூலகங்களின் கடமை.

காஞ்சியின் வேகவதி ஆறு ஆக்கிரமிப்பால் குறுகியது. ஆற்றின் கரை எது, ஏரியின் எல்லை எது என்று கேட்டால், பழைய படமன்றோ சாட்சி சொல்லும்? நெசவாளத் தோழர் கட்டத்தாளில் வரைந்த பின்னரே புட்டாவைத் தறியில் ஏற்றுகிறார். ஊரைத் திருத்த எண்ணும் இளைஞனுக்கும் முதலில் படம் வேண்டும்.

உலகளந்த கதை கோயிலிலே இருக்கட்டும். உலகளந்த கணக்கு நூலகத்திலே, எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கட்டும்!