சல்லடையும் பவர் டேபிளும்

வரைபடமும் ஒரு பிரதிதான், அதிகாரம் எழுதும் பிரதி. அது எதைக் காட்டவில்லை என்றும் வாசிக்க வேண்டும் என்றார் ஜே.பி. ஹார்லி. 1989ல் வெளியான அவரது 'வரைபடத்தைக் கட்டுடைத்தல்' கட்டுரைக்குப் பின் இதை யாரும் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஹார்லி வாசித்தவை தாளில் அச்சானவை. இன்றைய வரைபடம் இணையத்திலிருந்து தரவாக இறங்குகிறது. கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் நாமே அதைச் சலிக்கிறோம், வரிசைப்படுத்துகிறோம். ஆக, அதன் மௌனங்களில் நம் பங்கும் இருக்கிறது.

2013 ஏப்ரலில் டாக்காவின் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த பிராண்டுக்கு எந்தக் கம்பெனி தைக்கிறது என்பதைப் பகிரங்கமாக்கு என்ற கோரிக்கை அதன்பின் வலுத்தது. 2019ல் தொடங்கி, 2022ல் 'ஓப்பன் சப்ளை ஹப்' என்று பெயர் மாறிய இணைய வரைபடம் அந்த வழியில் வந்தது. பிராண்டுகளும் பிறரும் தரும் பட்டியல்கள் அதில் புள்ளிகளாகின்றன. திருப்பூரிலும் புள்ளிகள் உண்டு. நல்ல காரியம்தான்.

ஆனால் ஊருக்குள் நடந்து பாருங்கள். சந்துக்குச் சந்து பவர் டேபிள். நாலைந்து ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள், பெயர்ப்பலகை கிடையாது, ஓனரே நேற்றுவரை டெய்லராக இருந்தவர். கேட்டால், "கம்பெனியெல்லாம் இல்லீங்க, ஜாப் ஒர்க்குங்க" என்பார். பிசிர் வெட்டும் வேலை வீட்டுத் திண்ணைவரை போகிறது.

நாமே ஒரு பட்டியல் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 'வகை' என்று ஒரு பத்தி. வகை 'ஏற்றுமதி' என்று சலித்தால் ஏற்றுமதிக் கம்பெனிகள் வரும். 'ஏற்றுமதி அல்லாதவை' என்று சலித்தால் மிச்சமெல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. வகைக் கட்டம் வெற்றாக உள்ளவை இரண்டிலுமே வராது. வெற்றை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' அல்ல, 'இல்லை'யும் அல்ல, 'தெரியாது'. சல்லடை 'ஆம்' வந்ததை மட்டுமே நிறுத்தும். வெற்றுக் கட்டங்களையும் காட்டு என்று தனியாகக் கேட்டால்தான் காட்டும். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

வரிசையும் அப்பாவி அல்ல. பல சர்வர்கள் ஒரு தடவைக்கு ஆயிரம், இரண்டாயிரம் பதிவுகள்தான் தரும். தொழிலாளர் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் கேட்டு முதல் தவணையோடு நின்றுவிட்டால், நாலு மிஷின் பட்டறை நம் திரைக்கே வந்துசேராது.

சில சமயம் பத்தியே இருக்காது. 1992ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை, நொய்யலில் வந்த சாயக்கழிவின் தேக்கமானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும்வரை விஷயம் போயிற்று. 'நீர்த்தேக்கம்' என்று சலித்தாலோ, எல்லா அணைகளோடும் அதுவும் ஒரே நீலம்தான். என்ன தண்ணீர் என்று கேட்கும் பத்தி அங்கே இல்லை.

அப்படியானால் எல்லாரையும் புள்ளியாக்கிவிடலாமா? அதுவும் லேசில்லை. புள்ளியாகிவிட்டால், 'வெளியில் தைக்கக் கொடுக்காதே' என்று பிராண்ட் சொல்லி, பவர் டேபிளுக்கு ஆர்டர் நின்றுபோகலாம். புள்ளியாகாவிட்டால், விரலில் ஊசி இறங்கும் நாளில் எந்த பிராண்டிடம் போய்க் கேட்பது? இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அங்கே தைக்கிறவர்கள்; மென்பொருள் தெரிந்த நாமல்ல.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வெளியிடும் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும், எந்த நிபந்தனையில் சலித்தோம், எத்தனை வரிகள் கீழே விழுந்தன, அதில் எத்தனை வெற்று என்று எழுதிவைப்பது. அது இல்லாத வரைபடத்தை ஆதாரம் என்று மேடையில் காட்ட வேண்டாம், நம்முடையதே ஆனாலும்.