கழற்றத் தெரிந்தவர் மாட்டிய வால்வு

ஒரு பிளம்பரின் கைத்திறனை எடைபோட நினைப்பவர்கள் பெரும்பாலும் குளியலறையைத்தான் பார்க்கிறார்கள். பளபளக்கும் குழாய், சுவரோடு ஒட்டி உட்கார்ந்த ஷவர், சொட்டாத வாஷ்பேசின். அங்கே பாதிப் பெருமை குழாய் செய்த கம்பெனிக்கும் டைல்ஸ் ஒட்டியவருக்கும் போய்ச் சேரவேண்டியது. பிளம்பர் தனியாக மாட்டிக்கொள்ளும் பரீட்சை சம்ப் மூடிக்குப் பக்கத்தில் நடக்கிறது. மோட்டாரிலிருந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் அடி நுனியில் ஃபுட் வால்வு தொங்குகிறது. கைக்கு அடக்கமான பொருள். தண்ணீரை மேலே போக விடும், திரும்பி வர விடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். இந்தச் சின்ன வேலையில் ரசிக்க நிறைய இருக்கிறது. அதைச் செய்தவரின் தரத்தை, புது வால்வை எவ்வளவு இறுக்கமாக மாட்டினார் என்பதை விட, அடுத்து வருபவர் கழற்ற எவ்வளவு வசதி விட்டுப் போனார் என்பதை வைத்து அளப்பதே நியாயம்.

வால்வின் அருமை புரிய மோட்டாரின் பலவீனம் தெரிய வேண்டும். மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உள்ளே சுழலும் இம்பெல்லர் செய்வதெல்லாம் தன்னைச் சுற்றி நிற்கும் தண்ணீரை வெளியே வீசுவதுதான். வீசிய இடத்தில் அழுத்தம் குறைகிறது. சம்ப்புத் தண்ணீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று மண்டலம் அதைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்குக் கணக்குப்படி எல்லை சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. இம்பெல்லரைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று இருந்துவிட்டாலோ எல்லாம் போயிற்று. காற்றின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய 800-இல் ஒரு பங்கு. தண்ணீரை 20 மீட்டர் ஏற்றக்கூடிய மோட்டார் வெறும் காற்றைச் சுழற்றினால் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீரைத்தான் தூக்கும். ஆகவே மோட்டார் ஓயும் நேரமெல்லாம் அதன் வயிறும் கீழிறங்கும் குழாயும் நிறைந்தே இருக்க வேண்டும். ஓரங்குலக் குழாய் மீட்டருக்கு அரை லிட்டர் பிடிக்கும். அதாவது 3 மீட்டர் இறங்கும் குழாயில் ஒன்றரை லிட்டர். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க் காலையில் நிரம்புமா என்பது இந்த ஒன்றரை லிட்டர் இரவு முழுக்கக் கீழே நழுவாமல் நிற்பதைப் பொறுத்தது.

நிற்கவைக்கும் விதத்தில்தான் அழகு. உள்ளே ஒரு தட்டு, அது உட்கார ஒரு வளையம், அவ்வளவுதான் அமைப்பு. தண்ணீர் ஏறும்போது தட்டு எழுந்து வழிவிடுகிறது. மோட்டார் நின்றதும், திரும்பி விழவரும் தண்ணீரே தட்டை அழுத்தி வழியை மூடிக்கொள்கிறது. டேங்க்கின் வாய் 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஓரங்குலத் தட்டின் மேல் உட்காரும் சுமை ஏறத்தாழ 6 கிலோ. எந்தச் சுமையைத் தடுக்க வேண்டுமோ அந்தச் சுமையே பூட்டும் ஆகிறது. சுமை கூடினால் பூட்டு இன்னும் இறுகும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். கொல்லுப்பட்டறைத் துருத்தியில் காற்றை உள்ளே வாங்கி வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும் தோல் மடலும் இதே சூத்திரம்தான். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் டெசிபியஸ் செய்த பம்பை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தமது நூலின் பத்தாம் பகுதியில் விவரிக்கிறார். அதிலும் இந்த ஒருவழித் தட்டுகள் இருக்கின்றன. தோல் போய் ரப்பர் வந்தது, பித்தளையோடு பிளாஸ்டிக்கும் வந்தது. அடிப்படை மாறவில்லை, ஏனென்றால் அதில் எடுத்துப்போட எதுவும் மிச்சமில்லை.

இவ்வளவு எளிமையான பொருள் கெடுவதற்கும் பெரிய காரணம் தேவைப்படாது. தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால் போதும். காலையில் ஸ்விட்ச் போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. “ஏர் பிடிச்சிருச்சு” என்று சொல்லி, மேல் மூடியைத் திறந்து இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி ஓட்டிவிடுவது ஊர் வழக்கம். மறுநாளும் அதே கதை. ஒரு நாள் யாரும் கவனிக்காமல் தண்ணீரில்லாமலேயே ஓடி மெக்கானிக்கல் சீல் கருகும். தேர்ந்த ஆள் தண்ணீர் ஊற்றுவதையே சோதனையாக்குகிறார். விளிம்பு வரை நிரப்பிவிட்டுக் காத்திருக்கிறார். மட்டம் இறங்கி, குழாயின் வெளிப்புறம் காய்ந்தே இருந்தால் தண்ணீர் வால்வு வழியேதான் போகிறது. மட்டம் அசையாமல் நின்றால் வால்வு மேல் பழி இல்லை, கோளாறு வேறெங்கோ. இறங்கும் வேகமும் சேதி சொல்லும்: மெல்ல இறங்கினால் மணலோ தேய்ந்த வாஷரோ; ஊற்ற ஊற்ற ஓடிவிட்டால் தட்டே உடைந்திருக்கிறது. ஒரு கருவியும் இல்லாமல், நாலு மீட்டர் கீழே தண்ணீருக்குள் இருக்கும் பொருளின் நோயைச் சொம்புத் தண்ணீரை வைத்தே படித்துவிடுவதை வைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாட்டும் வேலையின் நயம் சின்னச் சின்ன அடக்கங்களில் தெரிகிறது. புது வால்வைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குழாயில் திருகுவதில்லை. நிமிர்த்திப் பிடித்து, விரலால் தட்டைத் தூக்கிவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். டெஃப்லான் டேப்பை மரையேறும் திசையிலேயே சுற்றுகிறார்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருக அவிழ்ந்துவிடும். பிளாஸ்டிக் மரையைக் கையால் முட்ட இறுக்கிவிட்டு ரெஞ்சை அளவோடுதான் தொடுகிறார்கள், கூடினால் விண்டுவிடும். குழாயை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிசாக சொல்யூஷன் பூசி, கால் சுற்றுத் திருப்பிச் செருகிக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கிறார்கள். வால்வு நேர்ச்செங்குத்தாகத் தொங்க வேண்டும், சாய்ந்தால் தட்டு சரியாக உட்காராது. சம்ப்பின் தரையிலிருந்து அரையடியாவது மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் படிந்திருக்கும் வண்டலையே உறிஞ்சும். மோட்டாரை நோக்கிப் போகும் படுக்கைக் குழாய் கொஞ்சமாவது ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கூன் விழுந்தால் அங்கே காற்று குடியேறும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, எதையும் அழகுக்காகச் செய்யவில்லை. செய்து முடித்த பிறகு பார்த்தால் அழகாக இருக்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்தவரும் ஓரிடத்தில் தவறலாம். மோட்டார் முதல் வால்வு வரை முழுக்க சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டால் குழாய் ஒரே உடலாகிவிடும். அடுத்த முறை வால்வை எடுக்க ஆக்சா பிளேடு வைத்து அறுப்பதைத் தவிர வழியில்லை. அறுத்ததை மீண்டும் சேர்க்க ஒரு காலர், அதற்கு இரண்டு ஒட்டு. இரண்டு மூன்று முறை அறுபட்டால் குழாய் முழுக்க ஒட்டுத்தான் இருக்கும். அறுக்க இடமில்லாவிட்டால் யாராவது சம்ப்புக்குள் இறங்க வேண்டும். நெடுநாள் மூடியிருந்த தொட்டியில் மூச்சுவிடக் காற்று இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மூடிக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில், ஒட்டாமல் நட்டால் இணைக்கும் ஒரு யூனியன் வைத்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு நட்டைத் தளர்த்தி, குழாயோடு வால்வை மேலே தூக்கிவிடலாம். சிறு செலவுள்ள அந்த ஒரு துண்டில் இன்னொரு மனிதரைப் பற்றிய நினைப்பு இருக்கிறது.

இது நல்லெண்ணப் பேச்சு மட்டுமல்ல என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. 1970-களில் யூனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரான இந்தியா மார்க் 2 அடிபம்பு உழைப்புக்குப் பேர்போனது. அதன் சிலிண்டருக்குள்ளும் இதே ஒருவழி வால்வுகள்தான். ஆனால் அடியில் ஒரு வாஷர் தேய்ந்தால்கூட ஆழத்தில் இறக்கிய இரும்புக் குழாய் அத்தனையையும் ஒவ்வொன்றாக வெளியே இழுக்க வேண்டும். அதற்குத் தனி ஆட்களும் வண்டியும் கருவிகளும் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். பிறகு வந்த மார்க் 3-இல் வால்வின் தத்துவத்தை மாற்றவில்லை. குழாயை 65 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, பிஸ்டனும் ஃபுட் வால்வும் அதன் வழியே மேலேறி வர வழிசெய்தார்கள். குழாய் நிலத்திலேயே நிற்கும், கெட்டது மட்டும் கைக்கு வரும். இரும்பு கூடுதலாகச் செலவானது உண்மை. அந்தச் செலவு தண்ணீரை வேகமாக ஏற்றுவதற்காகச் செய்ததல்ல, ஊர்க்காரர்களே கழற்றி மாட்டுவதற்காகச் செய்தது. பொறியாளர்கள் பல ஆயிரம் கிணறுகளில் கற்றதும் நல்ல பிளம்பர் ஒரு யூனியனில் காட்டுவதும் ஒரே பாடம்.

இதற்கு வலுவான மறுப்பு தொழில் தெரிந்தவர்களிடமிருந்தே வரும். மேலேறும் குழாயில் கசிவு வந்தால் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சு குழாயில் கசிவு வந்தால் காற்று சத்தமில்லாமல் உள்ளே போகும். அந்தப் பக்கம் இணைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, யூனியன் வைப்பது வினையை விலைக்கு வாங்குவது என்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் பெரும்பாலான யூனியன்கள் கெடுவது அவை யூனியன் என்பதால் அல்ல. கோணலாக நிற்கும் இரண்டு குழாய்களை நட்டின் பலத்தால் இழுத்துச் சேர்ப்பதால். இரண்டு முகமும் தாமாகவே நேர் வந்து நிற்கும்படி குழாயை அமைத்து, ஓ-ரிங் உள்ள யூனியனைக் கண்ணில் படும் இடத்தில் வைத்தால், மோட்டார் ஓடும்போது சோப்பு நுரை தடவியே சோதித்துவிடலாம்: காற்று புகுந்தால் நுரை உள்ளே இழுபடும். சோதிக்க முடிந்த ஓர் இணைப்பு, அறுத்து அறுத்துச் சேர்த்த நாலு ஒட்டுகளை விட நம்பத்தக்கது.

இன்னொரு மறுப்பு: ஃபுட் வால்வு கசிந்தால் கசியட்டும், மோட்டாருக்கு மேலே என்ஆர்வி எனப்படும் இன்னொரு ஒருவழி வால்வைப் போட்டுவிட்டால் போதாதா? மேலே நிற்கும் தண்ணீர் நிற்கும்தான். கீழே குழாய் வடிந்து காற்று நிறைந்தால், அந்தக் காற்றைக் கொண்டு மேல் வால்வைத் தள்ளித் திறக்க மோட்டாரால் ஆகாது. காற்று நடுவில் சிறைப்படும். அமெரிக்க வீடுகளின் நிலவறைக் குழிகளில் சேரும் நீரை வெளியேற்றும் பம்புகளுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. அங்கே பம்பு தண்ணீருக்குள்ளேயே நிற்க, வால்வு அதற்கு மேலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே குழாயில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை போட்டுக் காற்றை வெளியேற விடுகிறார்கள். கசிவைத் தடுக்கப் பிறந்த வேலைக்குள் அளந்து வைத்த ஒரு கசிவு! நீர்மூழ்கி மோட்டாரும் தானே தண்ணீர் பிடித்துக்கொள்ளும் செல்ஃப் பிரைமிங் பம்பும் வந்தபின் இந்தக் கலையே எதற்கு என்பவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. செல்ஃப் பிரைமிங் பம்பின் வாய்க்குள்ளும் ஒரு தட்டு ஒளிந்திருக்கிறது. வால்வு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

தண்ணீருக்கு அடியில் யாரும் பார்க்காத பொருளைக் கலை என்பது மிகை என்று கடைசியாகச் சொல்லலாம். கேட்பவரும் பார்ப்பவரும் இருக்கும் கலைகளில் கைதட்டல் உடனே கிடைத்துவிடும். இங்கே வேலையின் தரத்தை அறியப்போகும் முதல் ரசிகர், சில ஆண்டுகள் கழித்து ரெஞ்சோடு வரும் இன்னொரு பிளம்பர். அவருக்காக நட்டு திரும்ப இடம் விட்டு, குழாயைத் தூக்க உயரம் விட்டு வேலை செய்பவருக்குக் கூலியில் அதற்குத் தனிக் கணக்கு கிடையாது. வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலையை ஒப்படைக்கும் முன், “இதை அடுத்த தடவை எப்படிக் கழற்றுவீங்க?” என்று கேட்பது. கேள்விக்குச் சிரிப்பவரை விட, கையை நீட்டி இடத்தைக் காட்டுபவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.