பேலியகொடையில் இறங்கும் பெட்டிகள்

பேலியகொடையில் கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிகிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் களஞ்சியங்கள் தொடங்கிவிடும். 2011இல் மத்திய மீன் சந்தை புறக்கோட்டையிலிருந்து இங்கே வந்த பிறகு, வெளியூர்க்காரருக்கு இந்த ஊர் மீனோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும். எங்களுக்கு இது பெட்டிகளின் ஊரும்கூட. துறைமுகம் களனி கங்கைக்கு அந்தப் பக்கம். கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013இலிருந்து இந்தப் பக்கத்தில் ஆரம்பமாகிறது. கடல் வழி போகிற சாமானையும் ஆகாய வழி போகிற ஆளையும் நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

2019 கடைசியில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த முகாமைத்துவ உதவியாளர் ஒருவருக்கு வளைகுடாவில் ஒரு தூதரகத்துக்கு மூன்று வருட நியமனம் கிடைத்தது. சாமான் கட்ட நானும் கைகொடுக்கப் போயிருந்தேன். மனைவி ஆசிரியை; சம்பளமற்ற லீவு எடுத்துக்கொண்டு கூடப் போகிறார். கூடத்தின் நடுவில் ஒரு தராசு. ஒவ்வொரு பெட்டியும் அதில் ஏறி இறங்கியது. இடியப்ப உரலை விடுவதா, தேங்காய் துருவியை விடுவதா என்று ஒரு பக்கம் பேச்சு. ஏழாம் வகுப்பை முடித்திருந்த மூத்த மகளின் அடுத்த வருடத் தமிழ், விஞ்ஞான, வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு பெட்டியில். தகப்பன் அவற்றை எடுத்து வெளியே வைத்தார். தாய் திரும்ப உள்ளே வைத்தார். தகப்பனின் தரத்துக்கு இவ்வளவு கிலோதான் என்று நியமனக் கடிதம் சொன்னது. மேலதிகாரிக்கு வேறு கணக்கு.

வெளிநாட்டு நியமனம் என்றால் எல்லாமே அரசாங்கச் செலவு, கொடுத்து வைத்தவர்கள் என்று ஊரில் பேசுவார்கள். உத்தியோகத்தருக்கும் குடும்பத்துக்கும் விமானச் சீட்டு, சாமான் ஏற்றும் செலவு, வீட்டு வாடகை, வெளிநாட்டுச் சேவைக் கொடுப்பனவு, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம், மருத்துவக் காப்புறுதி, இடையில் ஒரு தடவை தாயகம் வந்துபோக லீவும் பயணச் செலவும் என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியலை நான் குறை சொல்ல வரவில்லை. இது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். சுதந்திரத்துக்கு அடுத்த வருடம், 1949இல், இலங்கை தன் வெளிநாட்டுச் சேவைக்கு இளைஞர்களைப் போட்டிப் பரீட்சை மூலம் எடுக்கத் தொடங்கியது. பரீட்சை எழுதி எவரும் தூதுவராகலாம் என்ற வாக்குறுதி அதில் இருந்தது. அந்த வாக்குறுதி நின்றதே இந்தக் கொடுப்பனவுகளின் மேல்தான். சொந்தப் பணத்தில் லண்டனில் வீடு எடுத்துப் பிள்ளை படிப்பிக்கக் கூடியவர்கள் மட்டும் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் நிலை வந்திருந்தால், மட்டக்களப்பிலோ மாத்தறையிலோ ஓர் ஆசிரியரின் பிள்ளை அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார். கையில் காசில்லாத உத்தியோகத்தரை அந்நிய நகரத்தில் விட்டால் அவருக்குக் கடன் கொடுக்கவும் விருந்து வைக்கவும் ஆட்கள் வருவார்கள். அந்தக் கடன் பிறகு எந்தக் கோப்பில் அடைபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சாமானோடும் லீவோடும் அந்நிய நாட்டுக்கு ஆளை அனுப்புவது புதிய வழக்கமும் இல்லை. 1904 டிசம்பரில் லெனாட் வூல்ஃப் பிரித்தானிய ஆட்சியின் சிவில் சேவைக்காரராகக் கொழும்பில் இறங்கியபோது வோல்டேயரின் 90 தொகுதிகளும் ஒரு நாயும் அவருடைய சாமானில் அடக்கம். அவர் வந்த கப்பலில் நாய்க்கு இடமில்லை. அது வேறு கப்பலில் வந்தது. யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் ஆறரை வருடம் வேலை செய்துவிட்டு, 1911 மே மாதம் ஒரு வருட லீவில் இங்கிலாந்துக்குப் போனார். திரும்பி வரவில்லை, அடுத்த வருடம் பதவியைத் துறந்தார். அரசாங்கத்துக்கு அது நட்டம் என்று எழுதலாம். எனக்குப் படுவது வேறு. ஆறரை வருடம் வீட்டைக் காணாத ஒருவர் முதல் தடவை போனபோது அங்கேயே நின்றுவிட்டார். தாயக லீவைக் குறுகிய இடைவெளியில் கொடுப்பதன் காரணம் இதுதான். தன் ஊரில் அரிசி என்ன விலை, பஸ் கட்டணம் எவ்வளவு என்று தெரியாத பிரதிநிதி எதைப் பிரதிநிதித்துவம் செய்வார்? தாயக லீவில் வருபவரைச் சுற்றுலாக்காரர் என்று கேலி செய்வதை நான் ஏற்பதில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. நமது முறை கஷ்டத்தை அளப்பதைவிடப் பதவியைத்தான் அதிகம் அளக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை தன் பணியிடங்களை முதலில் தரம் பிரிக்கிறது. தலைமையக நகரங்களும் அவற்றை ஒத்தவையும் ஒரு பக்கம். மற்றவை ஏ முதல் ஈ வரை. ஆஸ்பத்திரி எப்படி, பாடசாலை உண்டா, வெயில் எவ்வளவு, இரவில் வெளியே போகலாமா என்று பார்த்து எழுத்துக் கொடுக்கிறார்கள். கஷ்டம் கூடக் கூடக் கொடுப்பனவும் கூடுகிறது. அமெரிக்க வெளிநாட்டுச் சேவையிலும் கஷ்டமான இடங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 35 வீதம் வரை மேலதிகம் உண்டு. இங்கேயும் இடத்தைப் பொறுத்து வித்தியாசம் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே நகரத்தில், ஒரே வெயிலில், ஒரே மரக்கறிச் சந்தையில் வாங்கித் தின்னும் இரண்டு குடும்பங்களுக்கு இடையில் பதவி போடும் இடைவெளி மிகப் பெரியது. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையிலேயே இந்தக் கோடு இருக்கிறது. இராஜதந்திரி பதவிக்காலம் முழுக்கத் தன் சொந்தப் பாவனைப் பொருட்களைத் தீர்வையின்றி இறக்கலாம். நிர்வாக ஊழியருக்கு அந்தச் சலுகை முதன்முதல் போய்க் குடியேறும்போது மட்டும். இராஜதந்திரிக்குப் பாதுகாப்புத் தேவை என்பது நியாயம். அதற்காக எழுதுவினைஞரின் பிள்ளைக்குப் பசி குறைவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சாமானின் எடையையும் பாடசாலைக் கட்டணத்தையும் குடும்பத்தின் அளவைக் கொண்டு தீர்மானிப்பதில் என்ன தடை?

டொலர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் ஒன்று 200 ரூபாயைச் சுற்றி நின்றது. மே மாதம் 360 ரூபாயைத் தொட்டது. வெளிநாட்டில் டொலரில் கொடுப்பனவு வாங்கியவரின் பணம், அவர் ஒன்றும் செய்யாமலே, ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் போனது. அதே பரீட்சை எழுதிக் கொழும்பில் மேசையில் இருந்தவருடைய சம்பளம் அங்கேயே நின்றது. வெளிநாட்டு நியமனம் கடமை என்ற நிலையிலிருந்து பரிசு என்ற நிலைக்குப் போக இதற்கு மேல் என்ன வேண்டும்? பரிசாகிவிட்டால் அதைக் கேட்டு வாசலில் நிற்பவர்கள் கூடுவார்கள். கொடுப்பவரின் கை பெரிதாகும். தூதுவர் பதவிகளில் அரசியல் நியமனங்கள் காலங்காலமாக நடப்பதை எல்லோரும் அறிவோம். 2024 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அப்படிப் போனவர்கள் பலர் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அது சரியான முடிவு. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் திரும்பி வரும் கொள்கலன், குடும்பத்தின் சீட்டு, பிறகு புதியவர் போகும் கொள்கலன், அவர் குடும்பத்தின் சீட்டு என்று திறைசேரி இரண்டு தடவை செலவழிக்கிறது. பயணக் கொடுப்பனவு வீண் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். சேவைக்காரர் ஒருவர் மூன்று வருடம் முழுமையாக இருந்து செய்யும் வேலைக்கு ஆகும் சாமான் கூலி பெரிதல்ல. ஆட்சிக்கு ஆட்சி ஆள் மாற்றுவதுதான் செலவு.

கையில் டொலர் இல்லாதபோது அரசாங்கம் செய்தது வேறு. 2021 டிசம்பர் 31உடன் அபுஜா, பிராங்க்பேர்ட், நிக்கோசியா அலுவலகங்கள் மூடப்பட்டன. 2022 ஏப்ரல் 30உடன் ஒஸ்லோ, பக்தாத், சிட்னி. நோர்வேயில் வாழும் ஈழத்தமிழர்கள் கடவுச்சீட்டுக்கும் பிறப்புப் பதிவுக்கும் ஸ்டொக்ஹோமைப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. மிச்சமுள்ள தூதரகங்களின் கொடுப்பனவுகளைத் திருத்தி எழுத அது நல்ல சந்தர்ப்பம். கதவுகளைச் சாத்தியதோடு சரி.

அந்த வருடம் ஜூனில் வந்த 14/2022ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை என் மனதை விட்டுப் போகவில்லை. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போய் வேலை செய்யலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்றது அது. தாதியும் தொழில்நுட்பவியலாளரும் எழுதுவினைஞரும் போனார்கள். சீட்டும் சாமான் கூலியும் அவரவர் செலவு. நாட்டுக்கு டொலர் அனுப்பும் கடமையும் அவர்கள் தலையில். சுற்றறிக்கை பிழை என்று சொல்ல மாட்டேன். பல வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் அரச ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இந்த நாட்டில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன என்பது அன்றைக்குத் தெளிவாகியது.

மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் நான் பேனா எடுத்தேன். மூத்த இராஜதந்திரிகள் வீட்டுப் பணியாளர் ஒருவரை உடன் அழைத்துப் போவது பதவியோடு சேர்ந்து வரும் வசதி. 2015 முதல் 2018 வரை கன்பராவில் நமது பிரதி உயர்ஸ்தானிகராக இருந்தவரின் வீட்டில் அப்படிப் போன ஒரு பெண் மூன்று வருடம் வேலை செய்தார். வாரத்தில் ஏழு நாளும் வேலை. மூன்று வருடத்தில் இரண்டே நாள் ஓய்வு; அதுவும் கொதி எண்ணெயில் கை வெந்தபோது. 2024 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவின் சமஷ்டி நீதிமன்றம் அவருக்குச் சேர வேண்டிய சம்பளமும் வட்டியுமாக 5 இலட்சத்து 40 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தனி ஒருவரின் குணக்கேடு என்று இதைக் கடந்து போய்விடலாம். முறையைப் பாருங்கள். இராஜதந்திரிக்கு நியமனக் கடிதம் உண்டு, கொடுப்பனவு அட்டவணை உண்டு, தாயக லீவு உண்டு. அவர் வீட்டில் சமைக்கிறவர் அந்த அட்டவணையில் ஒரு சலுகையாகத்தான் வருகிறார். சலுகைக்கு லீவு எதற்கு என்ற எண்ணம் அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. எந்த நாட்டுக்குப் போகிறாரோ அந்த நாட்டுச் சட்டப்படி சம்பளம், அது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வருடத்தில் ஒரு தடவை சீட்டு. இவ்வளவுக்கும் செலவழிக்க முடியாவிட்டால் அந்த வசதியையே எடுத்துவிட வேண்டும்.

வீட்டுப் பணிக்குப் போகிற பெண்களை இந்த ஊர் நன்றாக அறியும். வளைகுடாவிலிருந்து அவர்கள் அனுப்பும் அட்டைப் பெட்டிகள் களஞ்சியத்துக்கு வரும். சுங்க உத்தியோகத்தர் முன்னால் பிரித்துக் காட்டி எடுக்க வேண்டும். ஒட்டுநாடா சுற்றிய பெட்டியின் மேல் ஊர்ப் பெயர் நீல மையில் பெரிதாக எழுதியிருக்கும்: ஹற்றன், வாழைச்சேனை, புத்தளம். உள்ளே பால்மா, சவர்க்காரம், போர்வை, பிள்ளைக்குச் சப்பாத்து. கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெரியாமல் இரண்டு அளவில் வாங்கிய சப்பாத்தை ஒரு தாய் அங்கே பிரித்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 2021இல் 549 கோடி டொலர். நெருக்கடி வருடமான 2022இல் 379 கோடிக்கு விழுந்து, 2024இல் 657 கோடியாக எழுந்தது. தூதரகங்களின் வாடகையும் பாடசாலைக் கட்டணமும் டொலரில் போகின்றன. அந்த டொலரில் பெரும் பங்கு இந்தப் பெட்டிக்காரர்களுடையது.

அதனால்தான் தூதரகக் கருமபீடத்தில் யார் நிற்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் சின்னம்மாவின் மகள் ஒரு தடவை வளைகுடாத் தூதரகம் ஒன்றுக்குச் சம்பளப் பாக்கி பற்றி முறையிடப் போனாள். அவள் பேசிய தமிழ் அங்கே எவருக்கும் விளங்கவில்லை. வரிசையில் நின்ற இன்னொரு பெண் மொழிபெயர்த்தாள். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது. தொழிலாளர் நலன் பார்க்க நாட்டின் செலவில் அனுப்பப்படுபவர்களைத் தெரிவு செய்யும்போது இரண்டு மொழியும் தெரிந்திருப்பது சீட்டுக்கும் வாடகைக்குமான முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். கொடுப்பனவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள், அந்தக் கொடுப்பனவுக்கு என்ன வேலை வாங்குகிறோம் என்று கேட்பதில்லை.

குடும்பத்தின் கணக்கும் இந்தக் கொடுப்பனவு விதிகளில் பாதியோடு நிற்கிறது. போகும்போது பிள்ளைக்குப் பாடசாலைக் கட்டணம் உண்டு. திரும்பி வரும்போது? அரச பாடசாலைகளின் முதலாம் வகுப்பு அனுமதியில் இடமாற்றம் பெற்றுவரும் உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு 4 வீதமும் வெளிநாட்டில் குடும்பத்தோடு இருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளுக்கு 1 வீதமும் ஒதுக்கியிருக்கிறார்கள். அது முதலாம் வகுப்புக்கு. நடு வகுப்பில் வருகிற பிள்ளை வெற்றிடம் தேடி அதிபர்களின் வாசலில் நிற்க வேண்டியதுதான். மனைவியின் சம்பளமற்ற லீவு அவருடைய தொழிலில் மூன்று வருட வெற்றிடமாகிறது. இரண்டுக்கும் கொடுப்பனவு அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் ஒழுங்கைக் குடும்பம் 2023 ஆரம்பத்தில் திரும்பி வந்தது. மூத்தவள் அங்கே இந்தியப் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்தில் படித்திருந்தாள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. வெள்ளவத்தையில் ஆங்கில மொழிமூலம் தேடினார்கள், கட்டணம் கட்டாது. கடைசியில் கொட்டாஞ்சேனையில் தமிழ் மொழிமூல டியூஷன். முதல் வாரம் அவளை நான்தான் களனிப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டேன். மடியில் ஒரு விஞ்ஞானப் புத்தகம். போகும்போது தகப்பன் வெளியே எடுத்து வைக்க, தாய் உள்ளே தள்ளியவற்றில் ஒன்று. மூன்று வருடமும் அது திறக்கப்படவே இல்லை என்பது முதுகு மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஒளித்தொகுப்பு என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "மாமா, இது எது?" என்று கேட்டாள்.