ஒன்றே முக்கால் ரூபாய்க் கதை

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்பது நம் வீடுகளில் நெடுநாளாக வழங்கிவரும் வாக்கு. பட்டம் பெற்ற இளைஞன், “கடை வைக்கப் போகிறேன், அச்சகம் தொடங்கப் போகிறேன்” என்று வாய் திறந்தால் போதும்; தந்தையும் இதைத்தான் சொல்வார், தாய்மாமனும் இதைத்தான் சொல்வார். வடமொழியில் ‘உத்யோகம்’ என்றால் முயற்சி என்று பொருள். இந்தியில் அச்சொல் இன்று தொழில்துறையையே குறிக்கிறது. நம்மிடம் வந்ததும் அது மாதச் சம்பளமாகச் சுருங்கிவிட்டது! முயற்சியே அழகு என்றிருந்தது, சம்பளமே அழகு என்றாயிற்று. அந்த அழகும் ஆணுக்கு மட்டுந்தானா, பெண்ணுக்கு முயற்சி வேண்டாமா என்று எவரும் கேட்டாரில்லை.

இந்த வாக்கை மறுக்க இப்போது வேறொரு வேதம் எழுந்திருக்கிறது. கடைகளில் அடுக்கி வைத்துள்ள தன்னம்பிக்கை நூல்களில் எதைப் புரட்டினாலும் ஒரே உபதேசம்தான். எல்லாம் மனத்தில் இருக்கிறதாம், துணிந்தவன் வெல்வானாம், அஞ்சியவன் வீழ்வானாம். கேட்க இனிமைதான். ஆனால், வென்றவன் வெற்றிக்கு அவன் மனமே காரணமென்றால், தோற்றவன் தோல்விக்கும் அவன் மனமே காரணமென்று ஆகிறதே! நேற்றுத் ‘தலையெழுத்து’ என்று சொல்லி ஏழையின் வாயை அடைத்தனர். இன்று ‘மனநிலை’ என்கின்றனர். நெற்றியில் இருந்த எழுத்து நெஞ்சுக்கு இறங்கியிருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் மட்டும் மாறவில்லை.

புதுத்தொழில் தொடங்க மனம் வேண்டாமா? வேண்டும், ஐயமில்லை. அந்த மனம் எங்கிருந்து வருகிறது என்பதே நமது கேள்வி. விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை, திருவல்லிக்கேணியே போதும்.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ‘தி இந்து’ ஏட்டைத் தொடங்கினர். இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் இகழ்ந்தன. அதற்கு மறுமொழி கூறவே தமக்கென ஓர் ஏடு வேண்டுமென்று அவர்கள் எண்ணினர். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 படிகள் அச்சிட்டனர்.

இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஒன்றே முக்கால் ரூபாயைத்தான் வியந்து சொல்கிறார்கள். கையில் காசில்லை, நெஞ்சில் துணிவிருந்தது என்று முடித்துவிடுகிறார்கள். அவர்களது துணிவை நாம் குறைத்துரைக்க மாட்டோம். ஆனால் மற்ற முதலையும் கணக்கில் எழுத வேண்டாமா? கல்லூரிப் படிப்பு இருந்தது. ஆங்கிலம் இருந்தது. கூடிப் பேச ஒரு சங்கம் இருந்தது. ஏடு வெளிவந்தால் படிக்கக் கூடிய கற்றவர் கூட்டம் அக்கம்பக்கத்திலேயே இருந்தது. ஏடு நின்றுபோனாலும் ஆசிரியர்க்குப் பள்ளி உண்டு, மாணவர்க்கு நீதிமன்றம் உண்டு. அறுவருமே, கல்வியைத் தலைமுறை தலைமுறையாகத் தமதாக்கிக் கொண்ட வகுப்பினர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன், மற்றவையெல்லாம் கைம்முதல்! அதே ஆண்டில் அதே ஊரில் மீன் விற்ற குடும்பத்து இளைஞனுக்கு அந்த ஒன்றே முக்கால் ரூபாயைக் கொடுத்திருந்தால் ஏடு பிறந்திருக்குமா? பிறந்திராது. அவன் நெஞ்சில் துணிவில்லாமையால் அன்று. கட்டுமரத்தில் கடலேறுபவனுக்கா துணிவு இல்லை?

அப்படியானால் முதலில்லாதவர் முடங்கிக் கிடப்பதுதான் விதியா? அதுவும் இல்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், 1844-ஆம் ஆண்டில், 28 பேர் கூடினர். பெரும்பாலோர் நெசவாளர் முதலிய உழைப்பாளிகள். சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுன் முதலில், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் விற்கும் கடை ஒன்றைத் திறந்தனர். கலப்படமில்லை, கடன் விற்பனையில்லை, வாங்கியவர்க்கே லாபத்தில் பங்கு. பின்னாளில் லாபத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கும் ஒதுக்கினர். தனியொருவனாக நின்றிருந்தால் அவர்களில் எவனுக்கும் அந்தத் துணிவு வந்திராது. இழப்பு வந்தால் 28 பங்காகப் பிரியும் என்ற உறுதியே அவர்களுக்கு நெஞ்சுரம் தந்தது. கூட்டுறவு என்னும் அவ்வழியைத் திருவல்லிக்கேணியும் கண்டது. 1904-இல் இங்கே நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தோருள் ஒருவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்.

இதே திருவல்லிக்கேணியில்தான் மருத்துவர் சி. நடேசனார் 1910-களில் திராவிடர் இல்லத்தை நடத்தினார். வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்கு உண்ணவும் உறங்கவும் இடம் தர, சாதி தடையாக நின்ற காலம் அது. ‘மனத்தை உறுதியாக்கு’ என்று அவர் அம்மாணவர்க்கு உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. சோறும் இடமும் தந்தார். மனம் தானே உறுதிப்படும் என்பதை அறிந்த மருத்துவர் அவர்.

இன்று அதே திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில், ஓர் அறையில் இருவர் மூவராக, தென் மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் துணிவற்றவர் என்று ஏசுவது எளிது. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களாகிய நாம் ஏசுவது அதனினும் எளிது! ஆனால் அந்த இளைஞன் போட்டிருக்கும் கணக்கு தவறானதன்று. தோற்றால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியென்ன என்று அவன் கேட்கிறான். தங்கையின் நகையை அடகு வைத்துக் கடை திறந்து, கடை மூழ்கினால் நகையை மீட்பது யார் என்று கேட்கிறான். இக்கேள்விக்கு விடை இல்லாத நூல், எத்தனை பதிப்புக் கண்டாலும், வாணிகம் கற்பிக்கும் நூலாகாது.

ஆகவே தோழர்களே, தொழில் தொடங்க எண்ணுவோர் நல்ல நாள் பார்ப்பதை விட்டு நல்ல தோழரைப் பாருங்கள். ஐவர் கூடுங்கள். தெருவுக்கு எது தேவை என்று கேட்டறியுங்கள். முதலில் 80 படிகள் அளவில் தொடங்குங்கள். நாள்தோறும் கணக்கு எழுதுங்கள். இழப்பு வந்தால் எவ்வளவு தாங்கலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்துக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணையும் பங்காளியாகச் சேருங்கள். கணக்கில் அவள் உங்களை விஞ்சக்கூடும்!

கல்வி, கடன், கூட்டு இம்மூன்றும் எல்லா வகுப்பார்க்கும் கிடைக்கும் நாட்டில், துணிவு எவர் வீட்டுத் தனிச் சொத்தாகவும் இராது. அந்நாள் வரும் வரையில், தோற்றவனைப் பார்த்து ‘உனக்கு மனம் போதாது’ என்று சொல்லும் எவரையும், ‘உனக்குக் கைம்முதல் எவ்வளவு இருந்தது?’ என்று நாம் திருப்பிக் கேட்போம்.