வீட்டுக்குத் தெரிந்த பிறகு என்ன?

தமிழ்த் திரையில் தன்பாலீர்ப்பாளர் ஒருவர் வந்தால் கதைக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: விஷயம் வீட்டுக்குத் தெரியவேண்டும். தெரிந்ததும் படம் முடிந்துவிடும். அவர் வாடகை கட்டுவதும், நண்பனோடு மனஸ்தாபப்பட்டுப் பேசாமல் இருப்பதும், மாதக் கடைசியில் கைமாற்று வாங்குவதும் காணக் கிடைப்பதில்லை.

பார்வை மாறியிருப்பது உண்மை. ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் தன்பாலீர்ப்பு, கொலைகாரர்களின் வக்கிரத்துக்கு இன்னோர் அடையாளம். ‘கோவா’ (2010) சேர்ந்து வாழும் இரு ஆண்களைச் சிரிப்புக்காகக் கொண்டுவந்தாலும், அவர்களுக்குக் காதலையும் ஊடலையும் கொடுத்தது. லோகேஷ் குமாரின் ‘என் மகன் மகிழ்வன்’ ஒரு தாயின் தவிப்பைப் பேசியது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’யில் (2025) மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்துவருகிறாள். வக்கிரம், சிரிப்பு, பரிவு எனப் படியேறி வந்திருக்கிறோம். ஆனாலும் கேள்வி கேட்கும் இடத்தில் பெற்றோர், பதில் சொல்லும் இடத்தில் பிள்ளை என்பது மாறவில்லை.

விலக்கு, பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022). அதன் புதுச்சேரி நாடகக் குழுவில் தன்பாலின இணையரும் திருநங்கையும் மற்றவர்களோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கிறார்கள், வாதாடுகிறார்கள்; தங்களை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தின் பாரம் சாதி மீறிய காதலின் மேல். நண்பர்களின் அன்றாடத்துக்கு ஒரு படத்தின் நேரம் போதாது.

தொலைக்காட்சிக்கு அந்த நேரம் உண்டு. 1999இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதி பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ‘குயர் ஆஸ் ஃபோக்’ மான்செஸ்டர் நண்பர்களின் கதை. சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கும் வின்ஸ், பால்ய நண்பன் ஸ்டூவர்ட்டை வாய்விட்டுச் சொல்லாமலே நேசிப்பதுதான் அதன் உயிர். 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் அதன் மறு ஆக்கம் 5 பருவங்கள் ஓடியது.

இங்கே விஜய் டிவி 2008இல் ‘இப்படிக்கு ரோஸ்’ மூலம் ஒரு திருநங்கையைத் தொகுப்பாளராக அமர்த்தியது. இந்தி வலைத்தொடர் ‘ரோமில் அண்ட் ஜுகல்’ (2017) பஞ்சாபிப் பையனுக்கும் தமிழ்ப் பையனுக்கும் காதலை எழுதியது. தமிழ் நெடுந்தொடர்களின் நடுக்கூடத்துக்கு மட்டும் இப்படியொரு நண்பர் கூட்டம் வந்து சேரவில்லை.

அப்படியொரு தொடருக்குக் களம் தேடி அலைய வேண்டாம், சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரி போதும். பொத்தேரியில் படிப்பவர்களும், பரனூரில் இறங்கி மகேந்திரா சிட்டிக்குப் போகிறவர்களும் மின்சார ரயிலை நம்பி வாடகைக்குக் குடியிருக்கும் பகுதி இது. இங்கே மூன்று ஆண்கள் ஒரே வீட்டில் தங்கினால் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. முப்பது வயதானதும் வீட்டுக்காரம்மா “எப்ப தம்பி கல்யாணம்?” என்று ஆரம்பிப்பார். அங்கே கதை பிறக்கிறது. ஒருவன் ஊரில் பார்த்த பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டால் அவளிடம் உண்மையைச் சொல்வது யார்? அட்வான்ஸில் அவன் பங்கை யார் கொடுப்பது?

2023இல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று சொல்லி, தாமே தேர்ந்துகொண்ட குடும்பத்தையும் ஏற்றுப் பேசியது. நீதிமன்றத்துக்குப் புரிந்த அந்தக் குடும்பத்தைக் காட்டும் தொழில்திறம் நம் தொடர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சமையலறைச் சண்டையை ஒரு வாரம் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே.